மரமா, கல்லா? ஊர்ப்பெயரில் விளையும் சிலேடைகள்



திருவக்கரை என்ற பெயரைத் தாளில் எழுதி இரண்டாகப் பிரிக்கச் சொன்னால் கோட்டை எங்கே போடுவது? ‘திரு’வுக்குப் பின்னால் போட்டால் ‘வக்கரை’ மிஞ்சும். ஞானசம்பந்தர் பதிகம் பாடிய ஊர் இது. அவர் காலத்திலிருந்தே ஊருக்குப் பெயர் வக்கரைதான். ஆனால் பள்ளியில் புணர்ச்சி விதி படித்த எந்தப் பையனும் இதை இன்னொரு விதமாக ஒடிக்கலாம். திருவும் ஆரூரும் சேர்ந்தால் திருவாரூர். திருவும் ஐயாறும் சேர்ந்தால் திருவையாறு. நடுவில் ஒரு ‘வ்’ தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். உடம்படுமெய் என்று அதற்குப் பெயர். அந்தக் கணக்கில் திருவும் அக்கரையும் சேர்ந்தாலும் திருவக்கரைதான்.

ஊரை ஒட்டிச் சங்கராபரணி ஆறு ஓடுகிறது. செஞ்சிப் பக்கம் பிறந்து, இந்த வழியாகப் புதுச்சேரி பக்கம் போய்க் கடலில் விழும் ஆறு. ஆற்றின் எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு ஊர் அக்கரை. ஊருக்குள் நிற்பவருக்கு எதிர்ப்பக்கம் அக்கரை. ‘இக்கரைக்கு அக்கரை பச்சை’ என்ற பழமொழி இங்கே வந்தால் குழம்பிப் போகும். ஏனென்றால் திருவக்கரைக்காரர் நிற்கும் இக்கரைக்கே பெயர் அக்கரை. வாடகை வண்டிக்காரர் ‘எந்தக் கரையில இறங்கணும்?’ என்று கேட்டால் என்ன சொல்வது? எழுத்துப் பிழை விடுகிறவர்கள் ரகரத்துக்குப் பதில் றகரம் போட்டால் கதை மூன்றாவது தடவை திரும்பும்: திரு அக்கறை. மரியாதைக்குரிய கரிசனம்.

இது என்ன வேலையற்ற விளையாட்டு என்று யாராவது முகம் சுளித்தால் அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போகலாம். சந்திரமௌலீசுவரர் கோயிலில் மூலவரை விடப் பேர்போனவள் வக்கிரகாளி. பௌர்ணமி இரவில் இந்தச் சின்ன ஊர் தாங்காத கூட்டம் அவளைப் பார்க்க வரும். தலபுராணம் சொல்லும் கதை இது: வக்கிராசுரன் என்ற அசுரன் சிவனை வழிபட்டு வரம் வாங்கினான், அட்டகாசம் செய்தான், அழிந்தான். அவன் தங்கை துன்முகியைக் காளி அழித்தாள். அவள் வயிற்றில் இருந்த குழந்தையை மட்டும் எடுத்துக் காதில் குண்டலமாக அணிந்துகொண்டாள். வக்கிரன் வழிபட்டதால் ஊர் வக்கரை. வக்கிரம் என்றால் கோணல் அல்லவா? அதனால் கோயிலிலும் கோணல் உண்டு என்று காட்டுவார்கள். கொடிமரமும் நந்தியும் மூலவரும் மற்றக் கோயில்களில் இருப்பதுபோல ஒரே நேர்க்கோட்டில் வராமல் சற்று விலகி நிற்கின்றன. எல்லாம் வக்கிரம் என்பார் அர்ச்சகர்.

ஒரு பெயர். அதில் ஒரு சொல் ஒலிக்கிறது. அந்தச் சொல்லுக்கு ஒரு கதை. கதைக்குக் கட்டடத்தில் ஒரு சாட்சி. சிலேடை செய்கிறவன் போகும் பாதையும் இதேதான். வித்தியாசம், தலபுராணம் சொல்பவர் சிரிக்க மாட்டார்.

வடக்கே போனால் அச்சிறுபாக்கம். பெயரைக் கொஞ்சம் நிறுத்திச் சொன்னால் அச்சு, இறு, பாக்கம். இறுதல் என்றால் ஒடிதல். திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் பிள்ளையாரை வணங்க மறந்தார், தேரின் அச்சு முறிந்தது, முறிந்த இடம் அச்சிறுபாக்கம் என்பது புராணம். இன்றைக்கு அதே வழியில் சென்னை – திருச்சி நெடுஞ்சாலை போகிறது. அச்சு முறிந்து ஓரங்கட்டிய லாரியை அந்தப் பக்கம் பார்க்கிற டிரைவருக்குப் புராணம் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

திண்டிவனத்தின் கதை கொஞ்சம் வேறு. வடமொழியில் திந்திரிணி என்றால் புளியமரம். புளியங்காடு இருந்த இடம் என்பதால் திந்திரிணிவனம், அது தேய்ந்து திண்டிவனம் என்பார்கள். ஊர்க் கோயிலின் சாமி பெயரும் திந்திரிணீசுவரர். ஆனால் பேருந்தில் தூங்கி எழுந்த பயணிக்குத் திந்திரிணியா தெரியும்? அவருக்குத் தெரிந்தது திண்டி. பலகாரம். திண்டிக்கு ஒரு வனமே இருக்கிறதா என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி, ஒரு டீயும் இரண்டு வடையும் வாங்குகிறார். சென்னையிலிருந்து தெற்கே போகும் வண்டிகள் சாப்பாட்டுக்கு நிற்பது இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் என்பதால் அவர் எண்ணியதும் தப்பில்லை. புளியும் வேண்டும்தானே, சாம்பாருக்கு.

சென்னையிலிருந்து விழுப்புரம் போகிற பாசஞ்சர் வண்டியில் ஏறி உட்கார்ந்தால், திண்டிவனத்துக்குத் தெற்கே வரும் ஸ்டேஷன்களின் வரிசையே ஒரு நகைச்சுவைத் துணுக்குபோல வரும். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம். மயிலத்தில் முருகன் இருக்கிறார். சூரபத்மன் மயில் வடிவில் தவம் இருந்த மலை என்பது ஐதீகம், ஆகவே அங்கே சிலேடைக்கு வேலை இல்லை. அடுத்த ஸ்டேஷன் பேரணி. ஜன்னல் வழியாகப் பலகையைப் பார்க்கிற வெளியூர்க்காரருக்கு ‘யாருடைய பேரணி? எந்தக் கட்சி?’ என்று கேட்கத் தோன்றாமல் இருக்காது. அதற்கு அடுத்த ஸ்டேஷன் விக்கிரவாண்டி. அங்கே 2019-இல் ஒரு இடைத்தேர்தல், 2024-இல் இன்னொரு இடைத்தேர்தல், அதே ஆண்டு அக்டோபரில் விஜய்யின் புதுக்கட்சி நடத்திய முதல் மாநாடு. கட்சிக்காரர்கள் இறங்க வேண்டிய ஸ்டேஷன் எதுவோ, அதற்கு ஒன்று முன்னதாகவே ரயில்வே பேரணியை வைத்திருக்கிறது.

விக்கிரவாண்டியைப் பிரித்துச் சொல்லிப் பாருங்கள். விக்கிற வண்டி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகிறவர்கள் இதைச் சொல்லிக் கேட்டிருக்கலாம், கேட்காவிட்டாலும் அனுபவித்திருப்பார்கள். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பண்டிகைக்கு முந்தின நாள் ராத்திரி வண்டிகள் நகர்கிற நகர்வு இருக்கிறதே, ஒரு அடி நகர்ந்து நிற்கும், ஒரு குலுக்கல், மறுபடி ஒரு அடி. விக்கல் எடுத்தவனுக்குத் தோள் குலுங்குவதுபோலத்தான். யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்றால் விக்கல் வரும் என்பார்கள். ஊரில் அம்மா சாப்பிடாமல் காத்திருந்தால் சுங்கச்சாவடியில் நிற்கிற வண்டி விக்காமல் என்ன செய்யும்?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். ‘விக்கிற வண்டி’ ஏன் சிரிப்பு வரவழைக்கிறது? ஒலி பொருந்துவதால் மட்டும் அல்ல. அந்த ஊரில் போய் நின்றால் சொல்லின் இரண்டு பொருளும் உண்மையாக இருக்கின்றன. பெயர்ப்பலகையில் விக்கிரவாண்டி, பலகைக்குக் கீழே விக்குகிற வண்டி. ஊர்ப்பெயர்ச் சிலேடைக்கு இது ஒரு நல்ல சோதனை. இன்னொரு ஊருக்குக் கொண்டுபோனால் அந்தச் சிலேடை செத்துவிட வேண்டும்.

அந்தச் சோதனையில் தோற்பவை நிறைய. ஆற்றங்கரைக்குப் போகிற எந்தக் கூட்டத்திலும் ஒருவர் ‘ஆறு எங்கே இருக்கு?’ என்று கேட்பார்; இன்னொருவர் ‘அஞ்சுக்கும் ஏழுக்கும் நடுவுல’ என்பார். சங்கராபரணிக் கரையிலும் சொல்லலாம், காவிரிக் கரையிலும் சொல்லலாம், ஆறே இல்லாத ஊரில் வகுப்பறையிலும் சொல்லலாம். எந்த மண்ணிலும் அதற்கு வேர் கிடையாது. அதனால்தான் கேட்கிறவர் பல்லைக் கடிக்கிறார். அதற்குக் கடி என்றே பெயர் வைத்திருக்கிறோம்.

கிழக்கே கடற்கரையில் மரக்காணம். ‘மரம் காணோம்’ என்று சொல்லாத கல்லூரிப் பையன் இருந்திருக்க மாட்டான். அது கடியா, சிலேடையா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைத் தாண்டும்போது இருபுறமும் உப்பளம். பாத்தி பாத்தியாக வெயில் மின்னும் நீர், வெள்ளைக் குவியல்கள், நிழலுக்கு ஒதுங்க மரம் தேடினால் நிஜமாகவே காணோம். தேறியது.

விழுப்புரத்துக்கு இரண்டு முகம். ‘விழுந்த புரம்’ என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. ரயில் மாறுகிற ஜங்ஷன் என்பதால் பெட்டி படுக்கையோடு ஓடி விழுந்தவர்களும் உண்டு. ஆனால் பழந்தமிழில் விழு என்றால் சிறந்த என்று பொருள். விழுப்பம், விழுமியம், விழுமிய என்ற சொற்களெல்லாம் அந்தக் குடும்பம். ஒரே எழுத்துகள் கீழே விழுவதையும் மேலே உயர்வதையும் சேர்த்துச் சொல்வது தமிழில் அபூர்வம். 1993-இல் தென்னார்க்காட்டைப் பிரித்து இந்த ஊரைத் தலைநகராக்கி மாவட்டம் அமைத்தார்கள். ஆங்கிலத்தில் ழகரம் கிடையாதே. ரயில்வேக்காரர் ஆங்கிலத்தில் எழுதியதை எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘வில்லுபுரம்’ என்றாகிறது. விழுந்த ஊருக்குக் கையில் வில்லைக் கொடுத்துவிட்டார்கள்.

ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயர் படுகிற பாட்டைச் சரிசெய்ய 2020 ஜூனில் தமிழக அரசின் ஓர் ஆணை வெளிவந்தது. 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணை. நோக்கம் நல்லதுதான். ஆனால் வேலூருக்குக் கொடுத்த எழுத்துக்கூட்டைப் பார்த்தவர்கள் ‘வீலூர்’ என்று வாசித்துச் சிரித்தார்கள்; ‘வீல்’ என்று கத்துகிற ஊரா, ‘வீல்’ சுற்றுகிற ஊரா என்று பட்டிமன்றமே நடந்தது. சில நாள்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு அரசாணையைச் சிலேடை திருப்பி அனுப்பியது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். சிரிப்புக்கும் அதில் பங்கு இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இங்கிலாந்துக்காரர்களுக்கும் இந்த நோய் உண்டு. அவர்கள் இதை ‘அப்பா ஜோக்’ என்கிறார்கள். பிள்ளைகள் தலையில் அடித்துக்கொள்ள, அப்பா மட்டும் தானே ரசித்துச் சிரிக்கிற ரகம். அவர்கள் ஊர்களும் தோதாக அமைந்திருக்கின்றன. கென்ட் மாவட்டத்தில் சாண்ட்விச் என்றொரு பழைய துறைமுக ஊர். அதற்குப் பக்கத்தில் ஹாம் என்றொரு சிற்றூர். ஹாம் என்றால் பன்றித் தொடை இறைச்சி. இரண்டு ஊருக்கும் வழி காட்டும் கைகாட்டிப் பலகை ஒன்று உண்டு. அதில் இரண்டு பெயரும் சேர்ந்து ‘ஹாம் சாண்ட்விச்’ என்று நிற்கும். அதைப் படம் எடுக்கவே ஆட்கள் போகிறார்கள். பாத் என்ற ஊரில் குளியல் ஜோக் சொல்லாதவர் இல்லை. ரோமானியர் கட்டிய வெந்நீர்க் குளியல் கூடம் அங்கே இன்றும் இருப்பதால் அது நம் சோதனையில் தேறும். ஸ்காட்லாந்தில் ‘மந்தம்’ என்று பொருள்படும் டல் என்ற குக்கிராமம், அமெரிக்காவின் ஓரிகனில் இருக்கும் ‘சலிப்பு’ என்று பொருள்படும் போரிங் என்ற ஊரோடு 2012-இல் சம்பந்தம் செய்துகொண்டது. பின்னால் ஆஸ்திரேலியாவிலிருந்து ‘சப்பென்று’ எனப் பொருள்படும் பிளாண்ட் வந்து சேர்ந்தது. மந்தம், சலிப்பு, சப்பு. உலகத்தில் இப்படி ஒரு கூட்டணி இல்லை. சலிப்பூட்டுகிற மூன்று பெயர்கள் சேர்ந்து சுற்றுலாப் பயணிகளை வரவழைத்துவிட்டன.

தமிழ்க் காதுக்கு நெருக்கமானது லண்டனில் இருக்கிறது. ஈஸ்ட் ஹாம் தமிழர் நிறைய வாழ்கிற பகுதி. இட்லி மாவும் முருங்கைக்காயும் கடைத்தெருவிலேயே கிடைக்கும். டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஈஸ்ட் ஹாமுக்கு அடுத்த ஸ்டேஷனின் பெயர், ஆங்கிலத்தில் நாய் குரைப்பதைக் குறிக்கும் சொல். பித்துப் பிடித்தவனையும் ‘குரைக்கிற பைத்தியம்’ என்பது அவர்கள் வழக்கு. அதனால் முழுப் பைத்தியம் ஆகாமல் கொஞ்சம் லூசாக இருப்பவனை லண்டன்காரர் ‘ஈஸ்ட் ஹாம்’ என்பார். பைத்தியத்துக்கு ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கிவிட்டான் என்று அர்த்தம். ரயில் வரைபடம் தெரியாதவனுக்கு இது புரியாது. ஊர் இருக்கும் இடமே சிலேடைக்குள் வந்துவிட்ட நல்ல உதாரணம். இனிமேல்தான் தமிழ் வேலை. அந்த அடுத்த ஸ்டேஷன் பெயரைத் தமிழில் எழுதினால் ‘பார்க்கிங்’. வண்டி நிறுத்துமிடத்தையும் தமிழில் ‘பார்க்கிங்’ என்றுதான் எழுதுகிறோம். நம் எழுத்தில் இரண்டு ஒலிக்கும் ஒரே பகரம். ஆங்கிலேயருக்குக் குரைக்கிற ஊர், தமிழருக்குக் கார் நிறுத்துகிற ஊர்.

ரெடிங் என்ற ஊரும் அப்படித்தான். எழுதினால் ‘வாசித்தல்’; சொன்னால் ‘ரெடிங்’. அதற்கு ஈடு நம்மிடம் திண்டிவனத்துக்கு வடக்கே இருக்கிறது. வந்தவாசி. வந்து வாசி! நூலகத்து வாசலில் எழுதி ஒட்ட வேண்டிய பெயர். 1760 ஜனவரி 22-ஆம் தேதி அங்கே நடந்த சண்டையில் ஐர் கூட் தலைமையில் ஆங்கிலேயர், லாலியின் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தார்கள். தென்னிந்தியாவில் பிரெஞ்சுக்காரரின் கனவு ஏறத்தாழ அன்றோடு முடிந்தது. ஆங்கிலேயர் வாயில் வந்தவாசி ‘வாண்டிவாஷ்’ ஆனது. வாஷ் என்றால் கழுவுதல். பிரெஞ்சுக்காரரை அன்று கழுவி ஊற்றினார்கள் என்று இன்றைய இளைஞர் மொழியில் சொன்னால், வரலாற்று ஆசிரியர் அடித்துத் திருத்தத் தேவையில்லை.

சிலேடையை நம் முன்னோர் விளையாட்டாக விடவில்லை. இலக்கணத்தில் இடம் கொடுத்தார்கள். தண்டியலங்காரம் இதை ஓர் அணியாகவே சொல்லி இரண்டாக வகுக்கிறது. சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை. பிரித்தால்தான் தரும் என்றால் பிரிமொழிச் சிலேடை. விழுப்புரத்தின் ‘விழு’ முதல் வகை. திருவக்கரையும் விக்கிரவாண்டியும் இரண்டாம் வகை. டீக்கடை பெஞ்சில் ‘மரம் காணோம்’ என்று சொல்கிற பையனுக்குத் தான் பிரிமொழிச் சிலேடை பேசுகிறோம் என்று தெரியாது. தெரிந்தால் நிறுத்திவிடுவான்.

ஊரை வைத்துச் சிலேடை பாடுவதற்கென்றே தமிழில் ஒரு சிற்றிலக்கிய வகை பிறந்தது. சிலேடை வெண்பா என்று பெயர். வெண்பாவின் முன்பாதி ஊரைப் பற்றியது. அதில் ஒரே சொற்றொடர் ஊரின் இரண்டு காட்சிகளுக்குப் பொருந்தும்படி சிலேடை அமைய வேண்டும். பின்பாதி அந்த ஊர்ச் சாமிக்கு. இப்படி நூறு வெண்பா. தொட்டிக்கலை சுப்பிரமணிய முனிவர் தம் ஊருக்குக் கலைசைச் சிலேடை வெண்பா செய்தார். பொதிகை அடிவாரத்து விக்கிரமசிங்கபுரத்துக்கு நமச்சிவாயக் கவிராயர் சிங்கைச் சிலேடை வெண்பா செய்தார். நூறு தடவை ஒரே ஊரை இரண்டாகப் பார்ப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்! வயல், சோலை, மாதர், மதில், பசு, பல்லக்கு என்று ஊரில் கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்து வந்து ஜோடி சேர்த்தாக வேண்டும். சில வெண்பாக்களில் புலவர் மூச்சு வாங்குவது கேட்கத்தான் செய்கிறது. நூறு என்ற கணக்குக்காக எழுதியவை அவை. ஆனால் நல்லதாக அமைந்த வெண்பாவில் இரண்டு காட்சியும் அந்த ஊர்த் தெருவிலேயே நடக்கும். ஒன்று ஊருக்குள், மற்றது ஊருக்கு வெளியே என்று ஆகாது.

காளமேகம் இந்தக் கூட்டத்துக்கு அண்ணன். பாம்பையும் வாழைப்பழத்தையும், பாம்பையும் எள்ளையும் ஒரே செய்யுளில் அடைத்த ஆள். ஊர் சார்ந்த அவருடைய வேலைகளில் தலையாயது நாகப்பட்டினத்தில் நடந்ததாகச் சொல்லும் கதை. அங்கே காத்தான் என்பவரின் சத்திரம். பசியோடு போன காளமேகத்துக்கு நெடுநேரம் சோறு வரவில்லை. கோபத்தில் ஒரு வெண்பாவை வீசினார். பொழுது அஸ்தமிக்கும்போதுதான் அரிசி வரும், அதைக் குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் அடங்கிவிடும், ஒரு அகப்பை சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும் என்று அதன் கருத்து. சத்திரக்காரர் பதறிப் போய் மன்னிப்புக் கேட்டார். காளமேகம் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. பொருளை மட்டும் மாற்றிச் சொன்னார். நாட்டில் அரிசியே அஸ்தமித்துப் போன பஞ்சத்திலும் இந்தச் சத்திரத்துக்கு அரிசி வரும். இங்கே உலை வைத்தால் ஊரின் பசியே அடங்கும். இலையில் விழுகிற சோற்றின் வெண்மை கண்டு வெள்ளி எழுந்து நிற்கும்.

வசைக்கும் வாழ்த்துக்கும் ஒரே பாட்டு. சமையல் தாமதமானது உண்மையென்றால் முதல் பொருள் நிற்கிறது. சத்திரம் தர்மசத்திரம் என்பதால் இரண்டாவதும் நிற்கிறது. சொல்கிறவன் அந்த வாசலில் பசித்துக் கிடந்தவன் என்பதும் முக்கியம். வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எழுதியிருந்தால் அது கடி. 2020 மார்ச்சில் நாடு முழுக்க ஊரடங்கு போட்டபோது இந்தக் கதையைக் கேட்டவர்களுக்கு ‘ஊர் அடங்கும்’ என்பதில் மூன்றாவது பொருளும் கேட்டிருக்கும்.

கடி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரி விடுதிகளில் பிறந்த கொச்சை என்று நினைக்கிறவர்கள் நன்னூலைத் திறக்க வேண்டும். உரிச்சொல் பகுதியில் பவணந்தி முனிவர் ‘கடி’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் பதின்மூன்று பொருள் அடுக்குகிறார். காப்பு, கூர்மை, விரைவு, சிறப்பு, அச்சம், மிகுதி, புதுமை, ஆரவாரம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இன்றைய கடி ஜோக்கிற்குப் பொருத்திப் பாருங்கள். நல்ல கடியில் கூர்மையும் விரைவும் புதுமையும் இருக்கும். மோசமான கடியில் மிகுதியும் அச்சமும் இருக்கும். கடி சொல்கிற மாமாவைக் கல்யாண வீட்டில் கண்டதும் மற்றவர்கள் பந்தியில் இடம் மாறி உட்கார்வது அச்சம் என்ற பொருளில்.

சிலேடைக்கும் கடிக்கும் நடுவே ஒற்றைக் கோட்டில் நடந்தவர் கி.வா. ஜகந்நாதன். உ.வே.சா.வின் மாணவர், கலைமகள் ஆசிரியர், 1967-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றவர். இவ்வளவு இருந்தும் ஊரார் நினைவில் நிற்பது அவர் சிலேடைகள்தான். போன இடத்தில் கொடுத்த உப்புமா தொண்டையில் குத்துகிறதா என்று கேட்டபோது, ஊசிப் போயிருக்கிறது, குத்தாமல் என்ன செய்யும் என்றார் என்பது ஒன்று. நின்றுபோன காரை மற்றவர்கள் தள்ளும்போது தள்ளாத வயதைப் பற்றிச் சொன்னார் என்பது இன்னொன்று. இவற்றில் எத்தனை அவர் சொன்னவை, எத்தனை பின்னால் வந்தவர்கள் அவர் கணக்கில் எழுதியவை என்று பிரிப்பது கடினம். சிலேடை நன்றாக இருந்தால் அது கி.வா.ஜ.வுக்குப் போய்விடும், கெட்டுப்போனால் சொன்னவர் தலையில் நிற்கும். கவனிக்க வேண்டியது, உப்புமா உண்மையிலேயே இலையில் இருந்தது. கார் உண்மையிலேயே நின்றது. எதிரே இருப்பதைத்தான் அவர் இரண்டாக ஒடித்தார். பிறகு வந்த கிரேஸி மோகனுக்குப் பெயரோடு ஒட்டிய ‘கிரேஸி’யே பாலவாக்கத்துத் திருடர்களைப் பற்றிய நாடகத் தலைப்பிலிருந்து வந்தது, ஒரு கடற்கரைச் சிற்றூரின் பெயர் ஆங்கிலச் சொற்களுக்கு நடுவில் உட்கார்ந்ததிலேயே பாதிச் சிரிப்பு.

நம் வட்டாரத்தில் இன்னும் ஓர் ஊர் பாக்கி. திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூர், 1947 முதல் 1949 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஊர். சென்னையில் அவர் பெயர் தாங்கிய வளாகத்தில் சட்டமன்றத்துக்காகக் கட்டிய கட்டடம் பிறகு ஆஸ்பத்திரி ஆனது. ஓமம் வயிற்றுக்கு நல்லது என்று நம் பாட்டிகள் முன்பே சொல்லியிருக்கிறார்கள்.

இனித் திருவக்கரைக்கே திரும்பலாம். கோயிலுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் செம்மண் மேட்டில் கல்மரப் பூங்கா. 1781-இல் சொன்னராட் என்ற ஐரோப்பிய இயற்கை ஆய்வாளர் இங்குள்ள கல்மரங்களைப் பற்றி எழுதினார். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வேலி போட்டுக் காக்கத் தொடங்கியது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்த மரங்கள் இவை. கிளையும் வேரும் இல்லாமல் வெறும் அடிமரங்களாகக் கிடப்பதை வைத்து, இங்கே வளர்ந்தவை அல்ல, வேறெங்கிருந்தோ உருண்டு வந்தவை என்கிறார்கள். மரத்தின் ஒவ்வொரு அணுவும் கரைந்து போன இடத்தில் மண்நீரில் கலந்திருந்த சிலிக்கா வந்து அமர்ந்தது. வெளியில் இருந்து பார்த்தால் நேற்று வெட்டிப் போட்ட மரம். பட்டையின் வெடிப்பு தெரிகிறது, கணு தெரிகிறது, வெட்டுமுகத்தில் வளையம் வளையமாக வயது தெரிகிறது. குனிந்து விரலால் தட்டினால் ‘டொக்’ என்ற மரத்தின் சத்தம் வராது. ‘ணங்’ என்று வரும். உடைந்த ஓரத்தில் வெயில் பட்டால் படிகம் போலப் பளிச்சிடுகிறது. சில அடிமரங்கள் 3 மீட்டர் நீளம், சில 15 மீட்டர் வரை. ஆமணக்குக்கும் புளிக்கும் தூரத்துச் சொந்தமான மரங்களும் இவற்றில் உண்டு. திந்திரிணிவனத்துக்கு இவ்வளவு பழைய சாட்சி யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

சிலேடைக்காரனுக்கு இந்தப் பூங்கா ஒரு சுரங்கம். ‘கல்’ என்றால் பாறை. ‘கல்’ என்றால் படி என்ற ஏவலும்கூட. ‘மரமண்டை’ என்று திட்டு வாங்குகிற பையனைப் பள்ளிச் சுற்றுலாவில் இங்கே அழைத்து வந்தால், மரமே கல்லாகி நிற்கிறது. கல்லாகி என்றால் பாறையாகி. ‘கல்லா’ என்றால் படிக்காத என்றும் ஆகும்; 2 கோடி வருடம் கிடந்தும் கல்லா மரம். இங்கே மூன்றாவது கல்லாவும் உண்டு. சுற்றிலும் கல்குவாரிகள், ஜல்லி அடிக்கும் கிரஷர்கள். மரம் கல்லானதில் யாருக்கும் லாபம் இல்லை. கல் ஜல்லியானால் கல்லா நிறைகிறது. டிப்பர் லாரிகள் போகிற சாலையில் பறக்கும் வெள்ளைத் தூசு, வேலி ஓரத்துச் செடிகளின் இலைமேல் படிந்து அவற்றையும் மெல்லக் கல்லாக்கப் பார்ப்பதுபோல இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமையில் குடும்பத்தோடு வருகிறவர்கள் கோயிலை முடித்துக்கொண்டு இங்கே வருவார்கள். அப்பா முன்னால், அம்மா பையோடு பின்னால், குழந்தை நடுவில் ஓடும். முதல் அடிமரத்தைக் கண்டதும் குழந்தை குந்தி உட்கார்ந்து கேட்கும்:

“அப்பா, இது மரமா, கல்லா?”

அப்பாவுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாழ்நாளில் வராது.

“கல்லாவா? அது கோயில் வாசல்ல தேங்காய்க் கடையில இருக்கு!”

“ஐயோ, அப்பா!” என்று குழந்தை நெற்றியில் அடித்துக்கொள்கிறது. அம்மா திரும்பியே பார்க்கவில்லை. அப்பா மட்டும் தோள் குலுங்கச் சிரிக்கிறார். குழந்தை யாரையும் நம்பாமல், காவலாளி பார்க்காத நேரமாக, விரலை மடக்கி அந்த மரத்தை ஒரு முறை தட்டுகிறது.